தையல்நாயகி எந்த ஊர் ஆள்

மார்கழி முடியும் தறுவாயில் குஞ்சிதபாதம் கோடியக்கரைக்கு வந்து இறங்கினார். உப்பளங்களில் அப்போது முழங்கால் மட்டத்துக்கு மழைத் தண்ணீர் நின்றது. பாத்திகள் காய்ந்து மறுபடி உப்பு வாருவதற்கு எப்படியும் மாசி பிறந்துவிடும். வாடைக்காற்று ஓயாததால் கடலுக்கும் பலர் போகவில்லை. வேலையில்லாத ஆண்கள் டீக்கடைப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

குஞ்சிதபாதம் நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஆலடிக்குடி என்ற ஊரில் ஒரு மிராசுதாருக்குக் காரியக்காரர். வயல், ஆள், களம் எல்லாம் அவர் மேற்பார்வை. சட்டைக் கையை மடித்துவிட்டபடி டீக்கடை வாசலில் நின்று சொன்னார்:

“எங்க பக்கம் ஒரே ஆள் பஞ்சம்ங்க. கதிரு தலை சாஞ்சு கெடக்கு, அறுக்கக் கையில்ல. லாரி நான் தர்றேன், சாப்பாடு நான் போடுறேன். அறுப்பு முடிஞ்சதும் இதே எடத்துல கொண்டாந்து எறக்கிவிட்டுடறேன்.”

அறுபத்தேழில் ஆட்சி மாறி ஒரு வருடம் ஆகப்போகிற நேரம் அது. கீழத்தஞ்சை வயல்களில் கூலிக்காக நடந்துகொண்டிருந்த சண்டை பற்றிக் கோடியக்கரையில் அரசல் புரசலாகக்கூடத் தெரியாது. உப்பளத்தில் மூட்டை தூக்கும் காயாரோகணம் முதலில் எழுந்தான். அவன் எழுந்ததும் இன்னும் பலர் எழுந்தார்கள். அவனுடைய தங்கை தையல்நாயகியும் வருவதாகச் சொன்னாள். அப்பா அம்மா இல்லாத பெண். வேதாரண்யத்தில் அவளுக்கு ஓரிடம் பார்த்து, தை பிறந்ததும் நிச்சயம் செய்வதாகப் பேச்சு. வேதாரண்யம் பக்கத்து மானாவாரி வயல்களில் அவள் கதிர் அறுத்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் நாலு இடம் பார்த்ததாகவும் இருக்கும் என்று கிளம்பினாள்.

லாரி ஆலடிக்குடி எல்லையில் திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது வயல் இல்லை, மனிதர்கள். வரப்பு நெடுக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் பெண்கள், பின்னால் ஆண்கள். எல்லார் மடியிலும் கருக்கரிவாள் இருந்தது. வரப்பு முனையில் ஒரு செங்கொடி நட்டிருந்தது.

“ஆளே இல்லன்னாரே அண்ணே. இத்தன பேரு உக்காந்திருக்காங்களே?” என்றாள் தையல்நாயகி.

காயாரோகணம் குஞ்சிதபாதத்தைப் பார்த்தான்.

“அதுங்க ஆளு இல்ல,” என்றார் குஞ்சிதபாதம். “சங்கம்.”

அறுக்கும் ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் அரைப்படி கூலி கூட்டிக் கேட்டு அந்த ஊர்க்காரர்கள் அறுவடைக்கு இறங்காமல் இருந்தார்கள். இது கோடியக்கரைக்காரர்களுக்குத் தெரியவந்தபோது லாரி திரும்பிப் போய்விட்டிருந்தது. மிராசுதாரின் ஆட்கள் காலையில் களத்துக் கொட்டகையின் கதவைத் திறந்து அவர்களை வயலுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். பொழுது சாய்ந்ததும் மறுபடி உள்ளே விட்டு வெளியே பூட்டினார்கள். “ஒங்க பாதுகாப்புக்குத்தான். ராத்திரியில அவனுங்க வந்து ஏதாச்சும் பண்ணிட்டா?” என்றார் குஞ்சிதபாதம். ரோட்டுக்குப் போக ஒரே வழி. அது சங்கத்துக்காரர்கள் குடியிருக்கும் சேரித் தெரு வழியாகப் போனது. ரோட்டு முனையில் ஒரு போலீஸ் வேன் நின்றது.

“போயிடலாம் அண்ணே,” என்று தையல்நாயகி கெஞ்சினாள்.

“எப்படிப் போறது? அறுத்து முடிச்சாத்தான் லாரி வரும். கண்ண மூடிக்கிட்டு அறு.”

கண்ணை மூடிக்கொள்ள வரப்பில் இருந்தவர்கள் விடவில்லை. அவர்கள் கல்லெறியவில்லை, திட்டவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் ராசம்மாள் என்றொருத்தி, நடுவயதைத் தாண்டியவள், தையல்நாயகிக்கு நேரே வந்து உட்கார்ந்துகொள்வாள்.

“ஏ பொண்ணு. அடியோட புடிச்சு அறு. பாதி தாள விட்டுட்டுப் போறியே,” என்றாள் ஒருமுறை. தையல்நாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராசம்மாளும் சிரித்தாள். பிறகு சிரிப்பு மாறாமலே சொன்னாள்: “நீ நிக்கிற எடம் இருக்கே, அது நான் நட்டது. நடும்போது காச்ச எனக்கு. காச்சலோட நட்டேன்.”

அன்று முழுக்க தையல்நாயகியின் கை ஓடவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் மிராசுதாரின் ஆட்கள் கம்போடு வந்தார்கள். வரப்பைக் காலி செய்யச் சொன்னார்கள். யாரும் எழவில்லை. அடி விழத் தொடங்கியதும் ஆண்கள் முன்னால் ஓடிவந்தார்கள், பெண்கள் வயலுக்குள் சிதறினார்கள். போலீஸ் வேனிலிருந்து யாரும் இறங்கவில்லை. ராசம்மாள் கையை உயர்த்தி முகத்தை மறைத்தாள். கம்பு அந்தக் கையில் இறங்கியது. தையல்நாயகிக்கு ஒரு முழத் தூரத்தில் அவள் சேற்றில் விழுந்தாள்.

தையல்நாயகி அரிவாளைப் போட்டுவிட்டு அவளைத் தூக்கினாள். என்ன செய்கிறோம் என்று யோசிக்க நேரம் இல்லை. நடக்க முடியாமல் சாய்ந்த அவளைத் தோளில் தாங்கி வரப்பு வழியே தெருவுக்குக் கொண்டுபோனாள். நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டும்வரை அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தபோது களத்துக் கதவு சாத்தியிருந்தது.

“அந்தத் தெருவுக்குள்ள போனவ அங்கயே இரு,” என்றார் உள்ளேயிருந்து குஞ்சிதபாதம்.

“அண்ணே!” என்று அவள் கத்தினாள்.

காயாரோகணம் கதவுக்கு வந்தான். இடுக்கு வழியாக அவள் முகத்தைப் பார்த்தான். “ஏன் போனே?” என்று மட்டும் கேட்டான். உள்ளே திரும்பிப் போய்விட்டான்.

அறுப்பு முடியும்வரை அவள் ராசம்மாள் வீட்டில் தங்கினாள். லாரி அவர்களை ஏற்றிக்கொண்டு போன அன்று தையல்நாயகி தெருமுனையில் நின்றாள். லாரி நிற்கவில்லை. ராசம்மாளின் மகன் கண்ணுசாமி அவளை நீடாமங்கலம் கூட்டிப்போய் டிக்கெட் எடுத்துக் கொடுத்து ரயிலேற்றிவிட்டான். திருவாரூரில் மாறி, திருத்துறைப்பூண்டி வழியாகக் கோடியக்கரை போய்ச் சேர்ந்தாள். அண்ணன் வாசல்படியில் நின்றான். படியை விட்டு நகரவில்லை.

“மாப்ள வீட்ல வேணாம்னுட்டாங்க. ஊரே கேக்குது. சேரியில தங்கிட்டு வந்தவள எந்த மொகத்தோட உள்ள கூப்புடுறது?”

“அடிபட்ட பொம்பளையத் தூக்குனேன் அண்ணே. வேற ஒண்ணும் பண்ணல.”

“தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது?”

உள்ளே அண்ணி இருந்தாள். அவளும் வெளியே வரவில்லை. வந்த ரயில் திரும்பும்வரை தையல்நாயகி ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்தாள். உப்பு வேகன்களைக் கோத்துக்கொண்டு அது கிளம்பியபோது அதில் ஏறினாள். போவதற்கு வேறு ஊர் எதுவும் அவளுக்குத் தெரியாது.

ஆலடிக்குடியில் ராசம்மாள் கட்டுப்போட்ட கையோடு எழுந்து கஞ்சி ஊற்றினாள். அந்தச் சித்திரையில் சங்கக் கொட்டகையில் மாலை மாற்றி கண்ணுசாமிக்கும் தையல்நாயகிக்கும் கல்யாணம் நடந்தது. கண்ணுசாமி அதிகம் பேசாதவன், நல்லவன். அண்ணன் தன்னைத் தலைமுழுகிவிட்டதாகக் கேள்விப்பட்டாள். அன்று மட்டும் சாப்பிடவில்லை.

பிறகு அதிகாரிகள், மிராசுதார்கள், சங்கம் என மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. கூலி நெல் கூடியது. அதோடு சங்கம் விடாப்பிடியாகக் கேட்ட ஒன்றும் கிடைத்தது: உள்ளூர் ஆள் இருக்கும்வரை மிராசுதார்கள் வெளியாளைக் கொண்டுவரக் கூடாது. தெருவில் பறை அடித்துக் கொண்டாடினார்கள். தையல்நாயகியும் அந்தக் கூட்டத்தில் நின்று கை தட்டினாள்.

ஆவணியில் சம்பா நடவு தொடங்கியது. பெண்கள் வரிசையாக நின்றார்கள். குஞ்சிதபாதம் குடையை ஊன்றிக்கொண்டு ஒவ்வொருத்தியாகப் பார்த்து வந்தார். தையல்நாயகியிடம் வந்ததும் நின்றார்.

“நீ எந்த ஊரு?”

“இந்த ஊருதாங்க. கண்ணுசாமி பொண்டாட்டி.”

“லாரியில கொண்டாந்தவன் நான். எனக்கே ஊர் சொல்றியா? நீ வெளியாளு. ஒப்பந்தத்துல என்ன இருக்கோ அதைத்தான் பேசுறேன். வேணும்னா ஒங்க சங்கத்தக் கேளு.”

அவள் சங்கத்தைக் கேட்டாள். தெருவில் சங்கத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ரெத்தினம். ஜெயிலுக்குப் போய்வந்தவர், யாருக்கும் பயப்படாதவர். அவர் தலையைச் சொறிந்தார்.

“அவன் வேணும்னே கிளப்புறான்மா. ஆனா இப்ப இதுல நாமளே வளைஞ்சு குடுத்தா, நாளைக்கு வேற யாரையாச்சும் கொண்டாந்து இவனும் கல்யாணம் பண்ணிக்கிட்டவன்தான்னு நிறுத்துவான். அடுத்த போகத்துக்குப் பாத்துக்கலாம்.”

அவர் சொல்லாமல் விட்ட காரணம் ஒன்றும் இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் அது அவள் காதில் விழுந்தது. ஊரில் வயலைவிடக் கை அதிகம். வரிசையில் ஒருத்தி கூடினால் நடவு சீக்கிரம் முடியும். எல்லாருக்கும் வேலை அவ்வளவு குறையும். அப்படிப் பேசியவர்கள் அவளோடு தினமும் சிரித்துப் பேசும் பெண்கள்தான். அவர்கள்மேல் கோபம்கூட வரவில்லை அவளுக்கு. அவர்கள் சொன்னது உண்மையாக இருந்தது.

கண்ணுசாமியிடம் சொன்னாள். “நான் வேலைக்குப் போறேன்ல. நீ வீட்ல இரு,” என்றான். அம்மாவின் கை இன்னும் சரியாகவில்லை; ஒருவர் கூலியில் மூன்று பேர் சாப்பிட முடியாது என்பது அவனுக்கும் தெரியும்.

பக்கத்து ஊருக்குப் போய்ப் பார்த்தாள். அங்கும் அதே ஒப்பந்தம். “எங்க ஆளுக்கே வேல பத்தலையேம்மா,” என்றார்கள். அதற்கு அடுத்த ஊரிலும் அதையே சொன்னார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை வயல். எந்த வயலிலும் அவள் கால் வைக்க முடியவில்லை. அந்த விதியைக் குறை சொல்லவும் அவளால் முடியவில்லை. அது இல்லாவிட்டால் லாரிகள் வரும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

கடைசியில் நீடாமங்கலத்தில் ஒரு அரிசி ஆலையில் வேலை கிடைத்தது. அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் கொட்டி, அதற்குள் நடந்து நடந்து காலால் கிளறிக் காயவைக்கும் வேலை. வெயில் ஏற ஏற உள்ளங்கால் வெந்துபோகும். ஆலை மேஸ்திரி சேக் தாவூது முரட்டுப் பேச்சுக்காரர். ஆனால் எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. “காலு நல்லாருக்கா? அப்ப வா,” என்றார்.

ஆலடிக்குடித் தெருவிலிருந்து தினமும் வெளியூர் போய் வேலை செய்து திரும்பிய முதல் பெண் அவள்தான். விடிந்ததும் கோரையாற்றுக் கரை மேலே நடப்பாள். பஸ் வந்த பிறகும் நடைதான். பஸ் வரும் நேரத்தை நம்ப முடியாது. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் குறுக்கே விழும். எஞ்சினை மாற்றிக் கோக்கும்வரை கேட்டைத் திறக்க மாட்டார்கள். இந்தப்பக்கம் பஸ், லாரி, மாட்டுவண்டி எல்லாம் நீளத்துக்கு நிற்கும். அவள் குனிந்து நுழைந்துபோவாள். கேட்கீப்பர் திட்டுவார். நேரம் தப்பினால் மேஸ்திரி அரை நாள் கூலியை வெட்டிவிடுவார். கேட்கீப்பர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

குழந்தை தங்கவில்லை. இரண்டு முறை கலைந்தது. களத்து வெயில்தான் காரணம் என்றாள் ராசம்மாள். வேலையை விடச் சொல்ல அவளாலும் முடியவில்லை. அடிபட்டுக் கோணலாக ஒட்டிய ராசம்மாளின் கை வரிசை பிடித்து நடுவதற்கு உதவாமல் போயிருந்தது.

குடியிருக்கும் மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்து தெருவுக்குப் பட்டா கிடைத்தபோது எல்லோரும் அழுதார்கள். இனிமேல் மிராசுதார் நினைத்த மாத்திரத்தில் யாரையும் கிளப்ப முடியாது. தையல்நாயகியும் சந்தோஷப்பட்டாள். அடுத்த நடவுக்கு மறுபடி வரிசையில் போய் நின்றாள். “பட்டா கண்ணுசாமிக்கு. ஒனக்கு இல்ல,” என்றார் குஞ்சிதபாதம். அவருக்கு அதற்குள் தலை வெளுத்திருந்தது. ரெத்தினம் அன்றும் ‘பாத்துக்கலாம்’ என்றார்.

எழுபத்தேழு புயலில் வீட்டுச் சுவர் கண்ணுசாமி மேல் விழுந்தது. அம்மாவை வெளியே தள்ளிவிட்டு அவன் மாட்டிக்கொண்டான். காரியம் முடிந்த மறுநாள் ராசம்மாள் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“ஒனக்கு வயசு இருக்கு. எங்கயாச்சும் போறதுன்னா போயிடும்மா. எனக்காவ இருக்காத.”

“எங்க அத்த போறது? எடம் சொல்லுங்க, போறேன்.”

இரண்டு பேரும் விழுந்த சுவரின் மண்ணைக் குழைத்து மறுபடி சுவர் வைத்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்து விளைச்சல் அரைகுறையாகிவிட்டது. மிராசுதார்கள் கூலியைக் குறைத்துப் பேசினார்கள். தெரு மறுபடி வரப்பில் உட்கார்ந்தது. கோடியக்கரைப் பக்கத்திலிருந்து லாரி வருகிறது என்று சேதி வந்ததும் ரெத்தினம் தையல்நாயகி வீட்டுக்கு வந்தார்.

“தையலு, ஒன் ஊர் ஆளுங்கதான் வர்றாங்களாம். நீ பேசினா கேப்பாங்க.”

“நடவுக்கு நின்னா வெளியாளு. லாரிய மறிக்கணும்னா மட்டும் தெருவுக்காரியாண்ணே?”

ரெத்தினம் தலைகுனிந்து நின்றார். “இந்தத் தடவ முடியட்டும். ஒன்ன வரிசையில நிறுத்துறது என் பொறுப்பு.”

“இங்க சொல்லாதீங்க. எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க.”

அவர் தெருவைக் கூட்டிச் சொன்னார். சில பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

காலை வெயிலில் லாரி வந்தது. தையல்நாயகி ரோட்டின் நடுவே நின்றாள். பிரேக் போட்ட லாரியிலிருந்து முன்நரை விழுந்த ஒருவன் குதித்து வந்தான். கிட்டே வந்தபிறகுதான் அது காயாரோகணம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆட்களைச் சேர்த்துக் கூட்டி வந்தவனே அவன்தான்.

அவன்தான் முதலில் பேசினான்.

“ஆள் பஞ்சம்னுதான் இப்பவும் சொன்னாங்க. நான் நம்பல. ஆனா உப்பளம் பூரா தண்ணி. அடுப்பு எரியல தையலு. என்னைய என்ன பண்ணச் சொல்றே?”

“உள்ள போனா கொட்டகையில போட்டுப் பூட்டுவாங்க. மறந்துட்டியா?”

“மறக்கல. பசியில இருக்கறவங்களுக்குப் பூட்டு என்னா, தொறப்பு என்னா?”

லாரிக்குள்ளிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் யாரையும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டிப்போன முகங்கள். திரும்பிப் போங்கள் என்று சொல்லத்தான் அவள் வந்தாள். எதை நம்பிப் போவார்கள்? பின்னால் வரப்பில் ராசம்மாள் உட்பட மொத்தத் தெருவும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“என்கூட வாங்க. நீடாமங்கலத்துல ஆல இருக்கு. மேலத்தஞ்சை நெல்லு வந்து குமிஞ்சு கெடக்கு. நான் பேசுறேன்,” என்றாள்.

காயாரோகணம் லாரியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு எல்லாரையும் இறங்கச் சொன்னான். அவளுக்குப் பின்னால் அவர்கள் கோரையாற்றுக் கரை மேலே வரிசையாக நடந்தார்கள். சேக் தாவூது கூட்டத்தைப் பார்த்து மலைத்துப்போனார். முதலாளியிடம் போய்ப் பேசிவிட்டு வந்து எல்லாரையும் உள்ளே விட்டார்.

ஆலடிக்குடியில் கூலி குறையவில்லை. அறுப்பு முடிந்தது. நெல் தீர்ந்ததும் கோடியக்கரைக்காரர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள் என்று தையல்நாயகி நினைத்தாள். ஆலை முதலாளி வேறு கணக்குப் போட்டார். இவர்கள் களத்திலேயே படுத்துக்கொள்வார்கள், ரயில்வே கேட்டைச் சாக்குச் சொல்ல மாட்டார்கள், குறைந்த கூலிக்கும் நிற்பார்கள். மாசியில் சேக் தாவூது அவளைக் கூப்பிட்டு, கண்ணைப் பார்க்காமல், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவளோடு வேலை செய்த உள்ளூர்ப் பெண்கள் சிலருக்கும் அதே சொல். அவர்கள் போகும்போது அவளைப் பார்த்த பார்வையை அவளால் வெகுகாலம் மறக்க முடியவில்லை.

காயாரோகணம் கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தான்.

“ஒன் எடத்தயே நாங்க எடுத்துக்கிட்டோம்,” என்றான். “வேணாம்னு சொல்லிட்டு ஊருக்குப் போயிடட்டுமா?”

“போயி?”

கேட் மூடியிருந்தது. ரயில் போகும்வரை இருவரும் ஒன்றாக நின்றார்கள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அண்ணன் பக்கத்தில் நிற்கிறான் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது; போதுமாக இருந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

ரெத்தினம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த நடவுக்குத் தையல்நாயகி வரிசையில் நின்றாள். குஞ்சிதபாதம் அதற்குள் இறந்துபோயிருந்தார். அவர் இடத்துக்கு வந்தவருக்கு யார் எந்த ஊர் என்பதைப் பற்றி அக்கறை இல்லை. வேலையே சொற்பம். பாதி நிலத்தை டிராக்டர் உழுதது. கூலிச் சண்டைக்குப் பயந்து மிராசுதார்களில் சிலர் வயலைத் தரிசாகப் போட்டார்கள், சிலர் தென்னங்கன்று வைத்தார்கள். இளவட்டங்கள் திருப்பூருக்கும் மெட்ராசுக்கும் பஸ் ஏறிப் போனார்கள். எந்த வரிசைக்காக அவள் அத்தனை வருடம் காத்திருந்தாளோ அந்த வரிசை உச்சிக்கு முன்பே வேலை முடித்துக் கரையேறியது. பிறகு நாள் முழுக்கச் செய்ய ஒன்றும் இல்லை. ஆலைக்கும் திரும்பிப் போக முடியாது.

ராசம்மாள் இறந்தபோது காயாரோகணம் வந்தான். முதல் முறையாக அந்தத் தெருவுக்குள் நடந்து வந்து, அவள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தான். தன் மகள் கல்யாணத்துக்கு அவள் வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் கோடியக்கரைக்குப் போனாள். அண்ணி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். பந்தலில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண் மரியாதையாகக் கேட்டாள்: “நீங்க எந்த ஊருங்க?”

“ஆலடிக்குடி,” என்றாள் தையல்நாயகி.

“ரெண்டு நாள் இருந்துட்டுப் போ,” என்றான் காயாரோகணம். இருக்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் ஊரில் களையெடுப்பு. ஒரு நாள் வராதவளின் இடத்தில் மறுநாள் வேறொருத்தி நின்றால் கேட்க முடியாது. பந்தி முடிந்ததும் சேலைத் தலைப்பில் வெற்றிலை பாக்கை முடிந்துகொண்டு, திருத்துறைப்பூண்டி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தபடி அவள் ரோட்டுக்கு நடந்தாள்.